கேட்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய வயது

சீன மொழியில் ஒருவரிடம் வயதைக் கேட்க வேண்டுமானால், அந்த வயது கேட்பவருக்கு ஏறக்குறையத் தெரிந்திருக்க வேண்டும். எதிரே நிற்பது ஐந்து வயதுக் குழந்தையா, கல்லூரி மாணவியா, நம் வயதொத்த ஊழியரா, பேரன் பேத்தி எடுத்த பெரியவரா என்று கண்ணால் அளந்து ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் வாய் திறக்க முடியும். ஏனென்றால் ஆளுக்கு ஆள் கேள்வியே மாறுகிறது.

குழந்தையிடம் 'நீ ஜி சுவெய்?' என்று கேட்பார்கள். முதல் சொல் நம்முடைய 'நீ' போலவே ஒலிக்கிறது, பொருளும் அதுவே. இரு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை, இது தற்செயல். 'சுவெய்' என்பது வயதை எண்ணும் அலகு. 'ஜி' என்றால் எத்தனை. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் எத்தனை அல்ல அது. விடை சிறிய எண்ணாக, பெரும்பாலும் பத்துக்குள், இருக்கும் என்று கேட்பவர் எதிர்பார்க்கும்போது வருகிற எத்தனை. வீட்டில் எத்தனை பேர், இப்போது மணி என்ன என்பவற்றுக்கெல்லாம் இந்த 'ஜி' போதும். நாற்பது வயதுக்காரரிடம் இதையே கேட்டால் இலக்கணம் ஒன்றும் கெடாது. ஆனால் கேட்டவர் அவரைப் பள்ளிப் பிள்ளையாக்கிவிட்டார். தைவானிலும் தென்சீனத்தின் பல பகுதிகளிலும் பெரியவர்களிடமும் இப்படிக் கேட்பது உண்டு. பெய்ஜிங் பக்கம் போனால் அது விநோதமாகக் காதில் விழும்.

வளர்ந்தவரிடம் கேட்க வேண்டியது 'நீ துவோ தா?' 'தா' என்றால் பெரிய, 'துவோ தா' என்றால் எவ்வளவு பெரிய. கொஞ்சம் மூத்தவர் என்றால் 'நீ' போய் மரியாதைக்குரிய 'நின்' வந்துவிடும். 'துவோ தா' தனியாக நிற்காமல், ஆண்டுக்கணக்கைக் குறிக்கும் 'நியென்ஜி' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளும். எழுபது, எண்பதைக் கடந்தவரிடமோ 'நின் காவ் ஷோவ்?' அவ்வளவுதான். 'தங்கள் உயர்ந்த ஆயுள்?' என்பது அதன் பொருள். அதில் எத்தனை, எவ்வளவு, என்ன என்று எந்த வினாச்சொல்லும் கிடையாது. ஆயுளின் பெயரைச் சொல்லி நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும், மீதியைப் பெரியவர் நிரப்பிக்கொள்வார். எண்ணைக் கேட்கிறோம் என்ற தோற்றமே இல்லாமல் எண்ணைக் கேட்கும் இந்த வாக்கியத்தைவிட நயமான ஒரு வினாவை எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் நான் கண்டதில்லை.

பதிலும் எளிமையானது, கொஞ்சம் நுட்பமானது. 'வோ அர்ஷி சுவெய்' என்றால் 'நான் இருபது சுவெய்'. வினைச்சொல் தேவையில்லை. 'இருபது இல்லை' என்று மறுக்கும்போது மட்டும் 'ஷி' என்ற வினை உள்ளே வந்தாக வேண்டும். பத்தைத் தாண்டியவர்கள் பேச்சில் 'சுவெய்'யையே விட்டுவிடலாம். 'நான் முப்பத்தைந்து' என்றால் யாருக்கும் புரியும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை 'நான் எட்டு' என்று நிறுத்த முடியாது, 'எட்டு சுவெய்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் 'ல' என்று ஓர் ஓரசைச் சொல்லை ஒட்டினால் 'ஆகிவிட்டது' என்ற பொருள் சேரும். வயதைச் சொல்லும்போது சீனர்கள் இதை அடிக்கடி ஒட்டுகிறார்கள்.

கேள்வி ஏன் இத்தனை அளந்து வருகிறது? எதிரே இருப்பவரை எப்படி அழைப்பது என்பது வயதைப் பொறுத்தது என்பதால். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சீனத்திலும் உடன்பிறந்த ஆண் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சொல் என்பது அன்றாடப் பேச்சில் கிடையாது; அண்ணன் 'கெக', தம்பி 'தீதி'. அக்கா 'ஜியெஜியெ', தங்கை 'மேய்மெய்'. அப்பாவுக்கு மூத்தவர் 'போபோ', இளையவர் 'ஷூஷு'. நம் பெரியப்பாவும் சித்தப்பாவும்தான். வழியில் முகம் தெரியாத ஒருவரைச் சந்திக்கும் குழந்தை, அவர் தன் அப்பாவைவிட மூத்தவரா இளையவரா என்று பார்த்துத்தான் 'போபோ' என்றோ 'ஷூஷு' என்றோ அழைக்கிறது. அலுவலகத்தில் வாங் என்ற குடும்பப் பெயர் கொண்டவர் மூத்தவர்களுக்கு 'ஷியாவ் வாங்', அதாவது சின்ன வாங். ஆண்டுகள் போகப்போக இளையவர்களின் வாயில் அவரே 'லாவ் வாங்', முதிய வாங், ஆகிறார். வயது அங்கே ஒரு மனிதரின் தனிச்சொத்து அல்ல. மற்றவர்களுக்கு நடுவே அவருக்கு உரிய இடம் அது. என்னைவிட மூன்று வயது பெரியவன், இரண்டு வயது சின்னவள் என்று நாம் பேசுவதைப் போலவே சீனரும் பெரிய, சிறிய என்ற சொற்களால்தான் வயதை ஒப்பிடுகிறார்கள்.

பெரிய, சிறிய என்பது வெறும் சொல்வழக்கு மட்டும் அல்ல. சீனத்தின் ஓர் அரசில் அது சட்டமாகவே இருந்தது.

1975-ஆம் ஆண்டின் இறுதியில் ஹூபெய் மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுய்ஹுதி என்ற இடத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டினார்கள். 11-ஆம் எண் கல்லறையில் ஓர் எலும்புக்கூடு, அதைச் சுற்றிலும் ஆயிரத்து நூறுக்கும் அதிகமான மூங்கில் சுவடிகள். கல்லறைக்கு உரியவர் பெயர் ஷி. பிறகு சீனம் முழுவதையும் ஒன்றாக்கிய சின் அரசின் உள்ளூர் அதிகாரி. வழக்கும் சட்டமும் அவருடைய வேலை. வேலையில் பயன்பட்ட சட்டச் சுவடிகளை அவரோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுவடிகளைப் படித்தால் வியப்பு. அரசுக்கு அடிமைப்பட்டு உழைப்பவர்களில் யார் 'பெரியவர்', யார் 'சிறியவர்' என்று அவை வகுக்கின்றன. ஆணென்றால் ஆறு 'ச்ஷி' ஐந்து 'சுன்' உயரத்துக்குக் குறைந்தவர் சிறியவர். பெண்ணென்றால் ஆறு ச்ஷி இரண்டு சுன். பத்து சுன் ஒரு ச்ஷி. அன்றைய ச்ஷி நம் கணக்கில் சுமார் 23 சென்டிமீட்டர். ஆகவே ஆணின் எல்லை ஏறத்தாழ 150 சென்டிமீட்டர், பெண்ணின் எல்லை 143. பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சட்டம் கேட்கவில்லை. சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தது.

அதே சுவடிகளில் வினா விடையாக எழுதப்பட்ட ஒரு வழக்கும் இருக்கிறது. ஒருவன் மாடு திருடினான். திருடியபோது அவன் உயரம் ஆறு ச்ஷி. ஓராண்டு காவலில் இருந்தபின் மறுபடி அளந்தார்கள்; ஆறு ச்ஷி ஏழு சுன். அவனுக்கு என்ன தண்டனை? உடலைச் சிதைக்காமல் கோட்டைச் சுவர் கட்டும் கடும் உழைப்பு என்பது விடை. இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. ஏழு சுன் என்றால் 16 சென்டிமீட்டர். வளர்ச்சி மிக வேகமாக இருக்கும் பருவத்தில்கூட ஒரு பையன் ஓராண்டில் சராசரியாக ஒன்பது, பத்து சென்டிமீட்டர்தான் வளர்வான். ஆகவே இது உண்மையில் நடந்த வழக்கைவிட, எழுத்தர்களைப் பழக்குவதற்காக யாரோ சட்ட ஆசான் புனைந்த கேள்வியாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஆசானை உறுத்திய சிக்கலோ உண்மையானது. குற்றம் செய்தபோது சிறுவன், தீர்ப்பின்போது பெரியவன் என்றால் எந்த அளவைக் கணக்கில் எடுப்பது? இன்றைய நீதிமன்றங்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன.

உயரத்தை நம்பியதில் அறியாமை ஒன்றும் இல்லை. பிறப்புப் பதிவு இல்லாத நாட்டில் பிறந்த ஆண்டை யார் நிரூபிப்பது? கண்முன்னே நிற்கும் உடல் பொய் சொல்லாது. ஆனால் பஞ்ச காலத்தில் வளர்ந்தவனுக்கும் வளமாக வளர்ந்தவனுக்கும் அது ஒரே நீதியைத் தராது. படைக்கும் வரிக்கும் கூலியில்லா உழைப்புக்கும் ஆட்களைக் கணக்கிட வேண்டிய அரசுக்கு இன்னும் உறுதியான அளவு தேவைப்பட்டது. கி.மு. 231-இல் சின் அரசு ஆண்கள் தம் வயதை முதன்முதலாக எழுதிப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. வரலாற்றாசிரியர் சிமா சியென் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஷியின் கல்லறையில் இன்னொரு சுவடித் தொகுதியும் கிடைத்தது. ஆண்டுவாரியாக அரசின் போர்களையும், அவற்றுக்கு இடையிடையே தன் வீட்டு நிகழ்ச்சிகளையும் சில சொற்களில் குறித்த ஏடு அது. இன்ன ஆண்டு இன்ன ஊரைத் தாக்கினார்கள். அதே வரிசையில், அந்த ஆண்டின் பன்னிரண்டாம் மாதத்தில், சேவல் கூவும் நேரத்தில் ஷி பிறந்தார். அது கி.மு. 262. பின்பு கி.மு. 231-க்கு உரிய இடத்தில் இரண்டே செய்திகள்: தந்தை இறந்தார், வயதைத் தானே அறிவித்தது. அரசு வரலாற்றில் ஒரு வரியாக நிற்கும் ஆணை, அதற்குக் கீழ்ப்படிந்த ஒரு மனிதனின் கையேட்டிலும் நிற்கிறது. வயதென்ன என்று அரசு கேட்டதும் ஒருவர் பதில் சொன்னதும் இப்படி இரு பக்கமும் பதிவாகி நம் கைக்கு வந்திருப்பது எவ்வளவு அரிய காரியம்! இருபத்திரண்டு நூற்றாண்டு சேற்றுக்குள் கிடந்த மூங்கில் அதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

உயரம் அதோடு விடைபெற்றுவிடவில்லை. சீன ரயில்களில் அண்மைக் காலம்வரை குழந்தைக்கான பாதிக் கட்டணத்தை உயரமே தீர்மானித்தது. 1.2 மீட்டருக்கும் 1.5 மீட்டருக்கும் இடைப்பட்டவர்களுக்கு அரை டிக்கெட், அதற்கு மேல் முழு டிக்கெட். சின் அரசு அடிமைச் சிறுவர்களுக்கு வைத்த எல்லையும் ஒன்றரை மீட்டர்தான். பழையதைப் பார்த்துப் புதியதை வைக்கவில்லை, எண்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டன. அடையாள எண்ணோடு டிக்கெட் வாங்கும் முறை பரவியபின், 2023 ஜனவரி 1 முதல் ரயில்வே வயதுக்கு மாறியது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குள் என்றால் இப்போது உயரம் எவ்வளவு இருந்தாலும் குழந்தைக் கட்டணம். மறுபடியும் பதிவேடு அளவுகோலை வென்றது.

இனி 'சுவெய்'க்கு வருவோம். வயதின் அலகான இந்தச் சொல்லுக்கு ஆண்டு என்பதோடு இன்னொரு பழைய பொருளும் உண்டு: வியாழன் கோள். பண்டைய சீன வானியலில் வியாழனுக்கு 'சுவெய் ஷிங்', ஆண்டு விண்மீன், என்று பெயர். வானத்தைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது, ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பகுதி வீதம் நகர்கிறது. வியாழன் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று பார்த்தால் இது எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். குருப்பெயர்ச்சி பார்க்கும் தமிழருக்கு இந்தக் கடிகாரம் புதிதல்ல. குரு சிம்மத்தில் நிற்கும்போது கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம் வருவதும் இதே கோளை நம்பித்தான்.

இந்தக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுவதில்தான் சிக்கல். 12-க்கும் 11.86-க்கும் உள்ள சிறு இடைவெளி சேர்ந்து சேர்ந்து, சுமார் 86 ஆண்டில் வியாழன் ஒரு முழுப் பகுதி முந்திவிடும். அதுபோக, அது நகரும் திசை, ஆண்டுகளுக்குப் பெயராகும் 'கிளைகள்' என்ற பன்னிரண்டு குறிகளைச் சீனர்கள் எண்ணும் வரிசைக்கு எதிர்த்திசை. அதற்காகவே எதிர்த்திசையில் சீராக நகரும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்பனை வியாழனைப் படைத்து அதற்குத் 'தாய்சுவெய்' என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் ஆண்டுக் கணக்கு உண்மையான கோளிலிருந்து முற்றிலும் கழன்று வெறும் எண்ணிக்கையாக நின்றது. பன்னிரண்டு கிளைகளோடு 'தண்டுகள்' என்ற வேறு பத்துக் குறிகளைச் சேர்த்துச் சுழற்றினால் அறுபதாவது ஆண்டில் வட்டம் முழுமையாகும். அறுபது வயதுக்கு 'ஹுவாஜியா' என்ற பெயர் அந்த வட்டத்திலிருந்து வந்தது. பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணும் அறுபதும் வியாழனின் ஐந்து சுற்றுகளிலிருந்து பிறந்ததே. இரண்டு நாகரிகங்களிலும் அறுபது நிறைவது விழாவாக இருக்கிறது; ஆண்டை எண்ண இரண்டு பக்கமும் மக்கள் அண்ணாந்து பார்த்தது ஒரே வெளிச்சத்தை.

சீன வயதில் வெளியாரை அதிகம் திகைக்க வைப்பது இதுவல்ல. 2025 ஜனவரி 28 அன்று மாலை ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பிறந்த கணத்தில் அதற்கு ஒரு சுவெய். மறுநாள், ஜனவரி 29, சீனப் புத்தாண்டு. அதற்கு இரண்டு சுவெய். பிறந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை, வயது இரண்டு! இதுதான் 'ஷ்யூ சுவெய்' என்னும் மரபுக் கணக்கு. பிறக்கும்போதே ஒன்று, பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். பிறந்த நாளுக்கு இதில் வேலையே இல்லை.

கருவில் இருந்த மாதங்களையும் சேர்த்து எண்ணுவதால்தான் ஒன்றில் தொடங்குகிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம், ஆனால் புத்தாண்டு அன்று எல்லோருக்கும் ஒன்றாக வயது ஏறுவதை அது விளக்கவில்லை. எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் காரணம் வேறு. இந்தக் கணக்கு வாழ்ந்து முடித்த காலத்தை அளப்பதில்லை, கால் வைத்த ஆண்டுகளை எண்ணுகிறது. டிராகன் ஆண்டின் கடைசி மாலையில் பிறந்த குழந்தை அந்த ஆண்டைத் தொட்டுவிட்டது. மறுநாள் பாம்பு ஆண்டையும் தொட்டுவிட்டது. ஆக இரண்டு. நம் பேச்சிலும் 'பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது' என்கிறோமே, அந்த நடப்பு வயதுக்கு இது நெருங்கிய உறவு. ஒரு வேற்றுமை என்னவென்றால், நம் நடப்பு வயது ஆளுக்கு ஆள் வேறு நாளில் மாறும், அவர்களுடையது ஊரோடு சேர்ந்து ஒரே இரவில் மாறும்.

அந்த இரவைச் சுற்றி 'சுவெய்' என்ற சொல் விளையாடுவதைப் பார்க்க வேண்டும். புத்தாண்டுக்கு முந்தைய இரவு கண்விழித்திருப்பதற்கு 'ஷோவ் சுவெய்', சுவெய்யைக் காவல் காப்பது, என்று பெயர். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் தரும் பணம் 'யா சுவெய் சியென்', சுவெய்யை அழுத்தி வைக்கும் பணம். தீய ஆவியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலி கொண்டது என்பதால், பிள்ளையை அண்டாமல் அதை அழுத்தி வைக்கும் பணம் என்றும் சொல்வார்கள். ஃபூஜியென், தைவான், சாவ்ஜோ பக்கங்களில் இன்னும் முந்தி, குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் பசையரிசி மாவு உருண்டைகளைச் சாப்பிட்டாலே ஒரு வயது கூடிவிட்டது என்று பேச்சு. புத்தாண்டின் ஏழாம் நாள் 'ரென்ரி', மனிதர் நாள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சீனர்கள் அதை எல்லோருக்கும் பொதுவான பிறந்தநாள் என்கிறார்கள். பச்சை மீனும் துருவிய காய்களும் கலந்த 'யூஷெங்'கை எல்லோரும் சேர்ந்து குச்சிகளால் தூக்கித் தூக்கிக் கலக்குவது அந்த நாளுக்கு உரிய வழக்கம். அந்த நாடுகளில் வாழும் தமிழர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கு 'ஜோ சுவெய்', முழுச்சுற்று வயது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒன்று கூடுவது. நாம் எல்லோரும் எண்ணுவது. சீனச் சட்டங்கள் வயது வரும் இடத்திலெல்லாம் 'ஜோ சுவெய்' என்று குறிப்பிட்டே எழுதுகின்றன, குழப்பம் வரக் கூடாது என்று. குற்றவியல் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இன்னும் துல்லியம்: பிறந்தநாளுக்கு மறுநாளிலிருந்துதான் அந்த வயது நிறைந்ததாகக் கணக்கு. பதினாறாம் பிறந்தநாள் அன்றே குற்றம் செய்தவன் சட்டத்தின் கண்ணில் இன்னும் பதினைந்து. ஜப்பானில் முழுச்சுற்று வயதையே சொல்லும்படி ஒரு சட்டம் 1950-இலேயே நடைமுறைக்கு வந்தது. தென் கொரியாவில் 2023 ஜூனில் அத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மக்கள் ஒரே நாளில் ஒன்றிரண்டு வயது இளையவர்கள் ஆனார்கள். சீனத்தில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. அலுவலகப் படிவத்தில் ஒன்று, பாட்டியின் வாயில் இன்னொன்று. பாட்டி சொல்வது ஒன்று கூடுதலாக இருக்கும், சில மாதங்களில் இரண்டு கூடுதலாக.

வரலாற்று நூல்களில் இருப்பதும் பாட்டியின் கணக்கே. எழுபத்து மூன்றும் எண்பத்து நான்கும் கண்டம் மிக்க வயதுகள், எமன் கூப்பிடாமலே போய்விடுவோம் என்று சீனத்தில் ஒரு நம்பிக்கை. கன்ஃபூசியஸ் எழுபத்து மூன்றிலும் மென்சியஸ் எண்பத்து நான்கிலும் இறந்தார்கள், அந்த ஞானிகளே தாண்டாத கண்டத்தை நாம் தாண்டுவோமா என்ற அச்சம். கன்ஃபூசியஸின் காலம் கி.மு. 551 முதல் 479. கழித்தால் 72 வரும், மென்சியஸுக்கு 83. ஒன்றைக் கூட்டினால்தான் அந்த நம்பிக்கையின் கணக்கு சரியாகும். அந்த அச்சத்தால், 73-ஐ எட்டிய பெரியவரிடம் 'நின் காவ் ஷோவ்?' என்று கேட்டால் 72 என்றோ 74 என்றோ பதில் வரலாம். வடசீனத்தின் சில ஊர்களில் அந்த ஆண்டு மகள் கெண்டை மீன் வாங்கி வந்து சமைத்துப் போடுவாள், மீன் துள்ளுவதுபோல் அப்பாவும் கண்டத்தைத் துள்ளித் தாண்டட்டும் என்று.

நேராகக் கேட்க மனம் வராத இடங்களுக்கு இன்னொரு வழி: 'நீ ஷூ ஷென்ம?' நீங்கள் எந்த விலங்கைச் சேர்ந்தவர்? எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு கிளைகளுக்கும் ஒவ்வொரு விலங்கு. ஒருவர் 'டிராகன்' என்றால் அவர் பிறந்தது 1964, 1976, 1988, 2000, 2012 போன்ற ஆண்டுகளில் ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர் என்றால் மட்டும் ஓராண்டு தள்ளிப் போகலாம். பன்னிரண்டால் வகுத்த மீதியை அவர் சொல்லிவிட்டார். எத்தனையாவது சுற்று என்பதை முகம் சொல்லிவிடும். இருபத்தைந்தையும் முப்பத்தேழையும் கண் குழப்பிக்கொள்வது அரிது. சுற்று பத்தில்லாமல் பன்னிரண்டாக அமைந்ததும் இதற்கு வசதியே. இந்த விலங்குப் பட்டியலின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? அதே ஷியின் கல்லறையில், நல்ல நாள் பார்க்கும் சுவடிகளுக்குள். விலங்குகள் சில இன்றைய பட்டியலிலிருந்து வேறுபடுகின்றன.

டிராகன் ஆண்டில் பிள்ளை பெற விரும்புவது இன்றும் இருக்கிறது. 2023-இல் சீனத்தில் 90.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. டிராகன் ஆண்டு தொடங்கிய 2024-இல் 95.4 லட்சம். பல ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்த எண் அது. முந்தைய ஆண்டுகளில் தள்ளிப்போன திருமணங்களுக்கும் இந்த ஏற்றத்தில் பங்கு உண்டு, எல்லாப் பெருமையையும் டிராகனுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இளைஞர்களின் பேச்சில் விலங்கைவிட ஆண்டுதான் முந்துகிறது: 'எந்த வருஷத்து ஆள்?' என்று கேட்பார்கள், 'எண்பத்தைந்து' என்று பதில் வரும். எண்பதுகளில் பிறந்தவர் 'பாலிங் ஹோவ்', தொண்ணூறுகளில் பிறந்தவர் 'ஜியூலிங் ஹோவ்', எண்பதுக்குப் பின், தொண்ணூறுக்குப் பின் என்று ஒரு தலைமுறைக்கே வயது பெயராகிவிட்டது.

வயதுகளுக்குச் சீனம் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை. கன்ஃபூசியஸ் தன் வாழ்வைப் பத்துப் பத்தாண்டாகப் பிரித்துச் சொன்னதிலிருந்து முப்பதுக்கு ஊன்றி நிற்கும் வயது என்றும் நாற்பதுக்குக் குழப்பம் தீர்ந்த வயது என்றும் பெயர் வந்தது. எழுபதுக்குப் பழங்காலம் முதல் அரிது என்ற பொருளில் 'கூஷி'. எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் தூ ஃபூவின் கவிதையிலிருந்து வந்த பெயர். அன்றைக்கு அது உண்மை, இன்று சீனரின் சராசரி ஆயுளே எழுபதைத் தாண்டிவிட்டது. எண்பது, தொண்ணூறுக்கு 'மாவ்தியே'. பூனைக்கும் 'மாவ்', வண்ணத்துப்பூச்சிக்கும் 'தியே' என்று ஏறக்குறைய அதே ஒலிகள் இருப்பதால், வண்ணத்துப்பூச்சியை அண்ணாந்து பார்க்கும் பூனையின் ஓவியத்தை முதியவர்களின் பிறந்தநாளுக்குப் பரிசளிப்பார்கள். அருங்காட்சியகங்களில் அந்த ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அழகான பூனை என்று கடந்துவிடுகிறார்கள். அது தொண்ணூறு வயது வாழ்க என்ற வாழ்த்து.

எழுத்தின் வடிவத்திலிருந்தும் வயது பிறக்கிறது. அரிசி என்ற சீன எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று மூன்று எழுத்துகள் கிடைக்கும். அதைச் சேர்த்துப் படித்தால் எண்பத்தெட்டு. ஆகவே 88 அரிசி ஆயுள். நூறு என்ற எழுத்தின் மேலுள்ள ஒற்றைக் கோட்டை, அதாவது ஒன்றை, எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளை என்ற எழுத்து. ஆகவே 99 வெள்ளை ஆயுள். தேநீர் என்ற எழுத்தின் தலையில் இருபது, உடலில் எண்பத்தெட்டு. ஆகவே 108 தேநீர் ஆயுள்.

தத்துவ அறிஞர்கள் ஃபெங் யோலானும் ஜின் யுவேலினும் 1895-இல் பிறந்தவர்கள், நெடுநாள் நண்பர்கள். 1983-இல் இருவரும் எண்பத்தெட்டை எட்டியபோது ஃபெங் இரட்டைவரி வாழ்த்துகள் எழுதினார். அரிசியில் நின்றுவிடாமல் தேநீர் வரை போவோம் என்ற விருப்பத்தை அவற்றில் வைத்தார். ஜின் அடுத்த ஆண்டு காலமானார். ஃபெங் பார்வை மங்கிய நிலையிலும் தன் சீனத் தத்துவ வரலாற்றைச் சொல்லி எழுதவைத்து, அதன் ஏழு தொகுதிகளையும் 1990-இல் முடித்தார். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் மறைந்தார். முழுச்சுற்றுக் கணக்கில் அவர் வயது 94, மரபுக் கணக்கில் 96.